இருமும்போது காலைப் பின்னிக்கொண்ட அக்கா: இடுப்புத்தளத் தசையும் சிறுநீர்க் கசிவும், ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த வீட்டுக்கு நான் போனது அந்த அக்காவின் மாமியாருக்காக. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன எழுபது வயது அம்மா. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். குடியாத்தத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. மாமியாரின் தோளை அசைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த மருமகளுக்கு வாசற்படியிலேயே இருமல் வந்துவிட்டது. சொம்பைச் சட்டென்று கீழே வைத்தார். ஒரு காலை மறுகாலோடு பின்னி, தொடைகளை இறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். இருமல் நின்றதும் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்வது போலத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கால் பின்னலை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் போனபோது மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார், வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "அக்கா, இருமினா, தும்மினா ஒண்ணுக்கு கசியுதா?"

பீடி சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "இன்னாம்மா இது, யாருகிட்டயும் சொன்னதில்லியே, உனக்கு எப்டித் தெரியும்? ஆறு வருசமா இத்த வச்சிக்கினு கீறேன்."

அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.

சொன்னதும் கேட்டறிந்ததும்

வயது 47. பீடித் தொழிலாளி. இருபத்தைந்து ஆண்டுகளாக முறத்தை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் போட்டு, சுற்றி, நூல் கட்டி வருகிறார். மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம் என்று சொன்னார். ஆனால் தலைப்பிள்ளையைப் பற்றித் துருவிக் கேட்டபோது, "அவன மட்டும் ஆயுதம் போட்டு எடுத்தாங்க, மூணே முக்கா கிலோ" என்றார். அப்போது அவருக்கு வயது 19. நம் ஊரில் கத்தி வைக்காததெல்லாம் சுகப்பிரசவம்தான், ஆயுதம் போட்டதும் அதில் சேர்ந்துவிடும். அதனால்தான் இந்தக் கேள்வியை நான் எப்போதும் இரண்டு முறை கேட்பேன்.

கசிவு ஆறு ஆண்டுகளுக்கு முன் தும்மலில் தொடங்கியது. பிறகு குடம் தூக்கும்போது, மாமியாரைப் புரட்டிப் போடும்போது. கடந்த எட்டு மாதமாக இருமல் சேர்ந்துகொள்ள, நிலைமை மோசமாகிவிட்டது. கழிப்பறைக்குப் போவதற்குள் வழியில் கொட்டிவிடுகிறதா, தூக்கத்தில் நனைகிறதா, எரிச்சல் உண்டா, சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை. உடம்புக்குள் திடீரென அழுத்தம் கூடும்போது மட்டும்தான் கசிகிறது.

அவர் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம், தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படிக் காய்ச்சும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலிலும் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். அதனால் மலச்சிக்கல், முக்கி முக்கிப் போக வேண்டிய நிலை. பழைய நூல் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறார். பஸ்ஸில் உட்கார மாட்டார், சீட்டில் ஈரம் பட்டுவிடுமோ என்ற பயம். மூன்று வருடமாகக் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு (அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் விழா) போகவில்லை. கூட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, "சுத்தமில்லாத ஒடம்போட எப்டிம்மா சாமி கிட்ட நிக்கிறது" என்ற எண்ணமும் இருந்தது. இதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

இதே வட ஆற்காட்டு மண்ணில் 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் ஒற்றைப் படுக்கையோடு பெண்களுக்கு வைத்தியம் தொடங்கினார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்த பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். இன்றைக்குப் பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு சங்கதியை யாராவது வாய்விட்டுக் கேட்கும் வரை பெண்கள் சொல்வதில்லை.

அடியில் என்ன இருக்கிறது

பரிசோதனைக்குப் போகும் முன் அக்காவுக்கு ஒரு படம் வரைந்து காட்டினேன். அதையே இங்கேயும் சொல்கிறேன், இது புரியாமல் மற்றது புரியாது.

இடுப்பெலும்பு அடி இல்லாத அண்டா மாதிரி. அதற்கு அடியாக இருப்பது இடுப்புத்தளத் தசை. முன்னால் பூப்பெலும்பு, பின்னால் வால் எலும்பு, இரண்டுக்கும் நடுவே தூளி கட்டியது போல விரிந்திருக்கிறது. லிவேட்டர் ஏனை என்று மருத்துவத்தில் சொல்வார்கள். சிறுநீர்த்தாரை, பெண்ணுறுப்பு, ஆசனவாய் மூன்றும் இதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவதும் இதுதான். இதன் இழைகளில் பெரும்பகுதி மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் நிற்கும் வகை. நாம் நடக்கும்போதும் நிற்கும்போதும் நம் நினைப்பில்லாமலேயே வேலை செய்துகொண்டிருக்கும். மிச்சம், தும்மல் வந்த கணத்தில் வெடுக்கென்று இறுகும் வேக இழைகள்.

பெண்களின் சிறுநீர்த்தாரை சுமார் 4 சென்டிமீட்டர்தான். இத்தனை குட்டையான குழாய் எப்படிக் கசியாமல் காக்கிறது? அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்சி 1994ல் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீர் ஓடும் ஹோஸ் பைப்பைக் காலால் மிதித்துப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் கிடந்தால் மிதித்ததும் பைப் நசுங்கித் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் கிடந்தால் பைப் கீழே அமுங்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இருமல்தான் மிதிக்கும் கால். சிறுநீர்த்தாரைக்கு அடியில் பெண்ணுறுப்பின் முன்சுவரும் அதைப் பிடித்திருக்கும் சவ்வும் தசையும் சேர்ந்து ஒரு தரையாக நிற்கின்றன. தரை கெட்டியாக இருந்தால் அதே இருமலே குழாயை மூடிவிடும். தரை தளர்ந்தால் கசியும். கடலைக் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சியவர் என்பதால் அக்காவுக்கு இதைச் சொல்லி முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது. "அப்ப என் தரை சேறாயிடுச்சா?" என்று கேட்டார்.

சேறானதற்கு ஒரே காரணம் கிடையாது. குழந்தையின் தலை வெளிவரும்போது இந்தத் தசையின் உள்விளிம்பு தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது மீண்டுவிடுகிறது. சிலருக்கு, குறிப்பாக ஆயுதம் போட்டு எடுத்தவர்களுக்கு, பூப்பெலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிய்ந்துவிடுவது உண்டு. அதற்கு மேல் வயது, மாதவிடாய் நிற்கும் பருவம், உடல் எடை, ஓயாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, சுமை. குந்தி உட்காருவதையோ சம்மணம் போடுவதையோ நான் பழி சொல்வதில்லை. முக்குவதைத்தான் சொல்கிறேன்.

பரிசோதனை

ஆரம்ப சுகாதார நிலையத்தில், கதவைத் தாழிட்ட அறையில், செவிலியர் உடனிருக்கப் பார்த்தேன். என்ன செய்யப்போகிறேன் என்பதை முன்பே விளக்கி, எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். சிறுநீர்ச் சோதனையில் சீழ் அணுக்கள் இல்லை, சர்க்கரை இல்லை. ஸ்கேனில் சிறுநீர் கழித்தபின் பையில் மிஞ்சியது 30 மில்லி லிட்டர், கவலைப்பட ஒன்றுமில்லை.

பை நிறைந்த நிலையில் இருமச் சொன்னேன். இருமிய அதே நொடியில் பீறிட்டது, இருமல் நின்றதும் நின்றது. இருமி முடித்துச் சில நொடி கழித்துக் கசிந்து, நிற்காமல் போனால் பையின் சுவர் தானாகச் சுருங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. பெண்ணுறுப்பின் முன்சுவர், முக்கும்போது வாய்ப்பகுதிக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே வரை இறங்கியது. அதாவது பை லேசாகச் சரிந்திருக்கிறது.

அடுத்துத்தான் இந்த நிகழ்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. தன் மருமகளின் போனில் ஒரு வீடியோ பார்த்து, இரண்டு மாதமாக அக்கா கீகல் பயிற்சி (இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவது) செய்துவந்திருக்கிறார். பலன் இல்லை, அதனால் விட்டுவிட்டார். "அதை இப்ப செஞ்சு காட்டுங்க அக்கா" என்றேன். மூச்சைப் பிடித்தார், வயிறு புடைத்தது, என் விரலை உள்ளே இழுக்க வேண்டிய தசை வெளியே தள்ளியது. அவர் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமும் தினம் மூன்று வேளை, சரிந்த பையை மேலும் கீழே தள்ளியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948ல் இந்தப் பயிற்சியை எழுதியபோதே, தசையின் இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு கருவியோடு சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்தார். கருவியும் விரலும் இல்லாமல் பயிற்சி மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது. 1991ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்து அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 23 பேர். 12 பேர் செய்தது கசிவைக் கூட்டக்கூடிய விதம். கண்ணுக்குத் தெரியாத தசையைத் தொட்டுப் பார்க்காமல் "கீகல் பண்ணுங்க" என்று சீட்டில் எழுதி அனுப்புவதை நான் ஏற்கவே மாட்டேன்.

சரியாகச் செய்ய வைத்த பிறகு பலத்தை மதிப்பிட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலில் 0 முதல் 5 வரை, 0 என்றால் அசைவே இல்லை, 5 என்றால் நல்ல பலம். வலது பக்கம் 2, இடது பக்கம் 1. இடப்பக்கம் எலும்போடு தசை ஒட்டும் இடத்தில் விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. தலைப்பிள்ளையின் பிரசவம் நினைவுக்கு வந்தது. முழுமையாக உறுதிசெய்ய முப்பரிமாண ஸ்கேன் வேண்டும், அது எடுக்கவில்லை. மூன்று நொடிக்கு மேல் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை, நான்காவது தடவையிலேயே தளர்ந்துவிட்டது.

ஒரு மணி நேரத் துணிச் சோதனையும் செய்தோம். அரை லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, நடக்கவும் படியேறவும் இருமவும் குனியவும் சொல்லி, முன்னும் பின்னும் பேடை எடைபோடுவது. நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசு என்னிடம் உண்டு. 24 கிராம் கூடியிருந்தது.

இருமல் எங்கிருந்து வந்தது

தசை தளர்ந்தது ஆறு வருடக் கதை. எட்டு மாதத்தில் ஏன் இப்படி மோசமானது? வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்: பீடித் தூள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இருபத்தைந்து வருடம் தூளோடு இருந்தவருக்கு இப்போது மட்டும் ஏன்? சளி இல்லாத வறட்டு இருமல், தொண்டையில் அரிப்பு, இரவிலும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் நகரக்கூடாது. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், இரண்டும் சுத்தம்.

பிறகு மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் பிரஷருக்கு எழுதிக்கொடுத்த எனலாப்ரில் இருந்தது. இருமல் வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. இந்த வகை மாத்திரைகளால் உடம்பில் பிராடிகைனின் என்ற பொருள் சேர்ந்து, சிலருக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகமாக, வறட்டு இருமல் வரும். மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் இருமலுக்குச் சிரப் வாங்க மூன்று முறை போயிருக்கிறார், யாரும் மாத்திரையைப் பார்க்கவில்லை. கசிவைப் பற்றி அவரும் சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்துவதோ மாற்றுவதோ என் வேலை அல்ல. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் எனலாப்ரிலை நிறுத்தி டெல்மிசார்டனுக்கு மாற்றினார். மூன்றே வாரத்தில் இருமல் ஓய்ந்தது.

மருத்துவரின் சீட்டில் 'ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்' என்று இருந்ததைப் படித்த மகள், "அம்மா ரொம்பக் கவலைப்படறதால வருதாம்" என்று புரிந்துகொண்டு வீட்டில் சொல்லிவிட்டாள். இங்கே ஸ்ட்ரெஸ் என்பது மனக் கவலை அல்ல, வயிற்றுக்குள் கூடும் அழுத்தம். இதை அழுத்தக் கசிவு என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

பயிற்சி

சரியான அசைவைப் பிடிக்க வைக்க இரண்டு சந்திப்புகள் ஆயின. "இறுக்குங்க" என்றால் தொடையை இறுக்கினார். "வாயுவை அடக்குற மாதிரி" என்றபோது பின்பக்கம் மட்டும் வந்தது. மாமியாரின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பார்த்ததும் வழி கிடைத்தது. "அக்கா, அந்தப் பை வாயைக் கயிறு இழுத்துச் சுருக்குறீங்க, சுருக்கின பையை அப்படியே மேல தூக்குறீங்க. மூச்சை மட்டும் பிடிக்காதீங்க." முதல்முறையாக விரலைச் சுற்றி ஒரு மெல்லிய இறுக்கம் வந்து, உள்ளே ஏறியது. அவர் முகமும் மாறியது. "இதுவா? இதுவா அது?" அன்றிலிருந்து அவர் வாயில் அதற்குப் பெயர் பை சுருக்குறது.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூன்று நொடி இறுக்கம், ஆறு நொடி தளர்வு, ஐந்து தடவை. பின்னர் வெடுக்கென்று ஐந்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை. தளர்த்துவதும் பயிற்சியின் பாதி என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆறாவது வாரத்தில் உட்கார்ந்த நிலை, ஒன்பதாவது வாரத்தில் நின்ற நிலை, எட்டு நொடி, பத்து தடவை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு ஒரு வேளைக்கு குறைந்தது எட்டு இறுக்கம், நாளுக்கு மூன்று வேளை, மேற்பார்வையோடு குறைந்தது மூன்று மாதம் என்கிறது. முதல் சில வாரங்களில் கூடுவது நரம்புக்கும் தசைக்குமான ஒத்திசைவுதான், தசை தடிப்பதற்கு மாதங்கள் ஆகும். இதைச் சொல்லாவிட்டால் மூன்றாம் வாரமே விட்டுவிடுவார்கள். ஒண்ணுக்குப் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதை வேண்டாம் என்றேன். அது சிறுநீர்ப்பையை முழுதாகக் காலியாகவிடாமல் செய்யக்கூடும்.

தனியாக நேரம் ஒதுக்க அவரால் முடியாது. அதனால் பீடிக் கட்டோடு சேர்த்தோம். ஒரு கட்டுக்கு நூல் கட்டி முடித்ததும் ஒரு பை சுருக்கல்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, இருமலுக்கும் தும்மலுக்கும் சுமை தூக்குவதற்கும் ஒரு கணம் முன்னால் சுருக்கிக்கொள்வது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1998ல் வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், ஒரு வாரம் இதைப் பழகியதிலேயே இருமலில் கசியும் அளவு வெகுவாகக் குறைந்தது. தசை வலுவாவதற்கு முன்பே கிடைக்கும் பலன் இது. அக்காவுக்கு மிகப் பெரிய சுமை குடம் அல்ல, மாமியார். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை புரட்ட வேண்டும். மூச்சை அடக்கித் தூக்காமல், முதலில் சுருக்கி, மூச்சை விட்டபடி, முழங்காலைக் கட்டிலில் முட்டுக் கொடுத்துப் புரட்டச் சொல்லிக்கொடுத்தேன். விரிப்பைப் பிடித்து இழுத்துத் திருப்பும் முறையைக் கணவருக்கும் காட்டினேன். அவர் மறுநாளே செய்ய ஆரம்பித்தார். இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் வரை மெல்ல ஏற்றினோம். கேழ்வரகுக் களி, கீரை சேர்ந்தது. மலச்சிக்கல் ஒரு மாதத்தில் தீர்ந்தது.

முன்னேற்றம்

எழுதக் கூச்சப்பட்டார் என்பதால் மாதக் காலண்டரில் ஒவ்வொரு கசிவுக்கும் ஒரு கோடு. தொடக்கத்தில் மூன்று நாளில் 27 கோடு. மாத்திரை மாற்றி ஒரு மாதம் கழித்து மூன்று நாளில் 11. இருமல் நின்றதில் பெரும்பகுதி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இருமல் கசிவை உண்டாக்கவில்லை, இருந்த பலவீனத்தை வெளிக்காட்டியது என்பதற்கு அந்த 11 கோடுதான் சாட்சி. பன்னிரண்டாம் வாரம் 3. துணிச் சோதனையில் 24 கிராம் 4 ஆனது. வலப்பக்கத் தசை 4, இடப்பக்கம் 2.

இடையில் ஒரு சறுக்கல். ஐப்பசி மழையில் சளிக் காய்ச்சல் வந்து பத்து நாள் பயிற்சி நின்றது, கோடுகள் இரட்டித்தன. எல்லாம் போச்சு என்று நினைத்துவிட்டார். மீண்டும் தொடங்கிய இரண்டே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்தார்.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அழுத்தக் கசிவுள்ள பெண்களில் இந்தப் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம். எல்லோருக்கும் முழுக்க நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. இடப்பக்கம் பிய்ந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பயிற்சி ஒட்டவைக்காது, மிஞ்சிய தசையைத்தான் வலுவாக்கும். சிறுநீர்ப்பையின் சரிவும் முன்பு இருந்த அளவில்தான் இருக்கிறது. பெண்ணுறுப்புக்குள் வைக்கும் தாங்கு வளையம் உண்டு, சிறுநீர்த்தாரைக்கு அடியில் நாடா வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. இரண்டையும் விளக்கினேன். "இப்ப வேணாம்மா, இதுவே போதும்" என்றார். தேவைப்பட்டால் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் தயாராக இருக்கிறது.

இந்த வைகாசியில் சிரசு பார்க்கப் போனார். துணி வைத்துக்கொண்டுதான் போனார், நனையவில்லை.

கடைசியாக ஆனி மாதம் பார்த்தபோது காலண்டர் தாளில் மாதம் முழுக்க ஐந்து கோடு. எது எப்போது என்று கேட்டேன். ஐந்தும் கிரைண்டர் கல்லை வெளியே தூக்கிய நேரம். அதைத் தூக்கும்போது பை சுருக்க மறந்துவிடுகிறாரா, அல்லது சுருக்கியும் அந்த எடையைத் தசை தாங்கவில்லையா என்று இரண்டு விதமாகவும் இருக்கலாம். அடுத்த முறை மாவு அரைக்கும் நேரத்துக்கே வரச் சொல்லியிருக்கிறார்.